மருதானை டவர் ஹோலும் ஒரு நூறு ரூபிள் தாளும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 வகுப்பில் ஒரு மாணவன் ரஷ்ய நாட்டு நூறு ரூபிள் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய வாப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வண்டியில் ஏறிய சுற்றுலாப் பயணி ஒருவர் ஞாபகத்துக்காகக் கொடுத்ததாம். தாளில் பெரிய தூண்களோடு ஒரு கட்டடம். அதன் உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர்.

"சேர், இது என்ன, பார்லிமெண்டா?"

"இல்லை மகன், தியேட்டர். மொஸ்கோவில் இருக்கிற பொல்ஷோய் அரங்கம். ஒபராவும் பலே நடனமும் நடக்கிற இடம்."

வகுப்பே சிரித்தது. காசுத் தாளில் தியேட்டரைப் போடுவார்களா என்று ஒருவனுக்கு ஆச்சரியம். "எங்கட நாட்டிலயும் இப்படி ஒண்டு இருக்கா சேர்?" என்று இன்னொருவன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இருந்தாலும் அது அவங்கட. எங்களுக்கு என்ன?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாட்டுக்கும் நாடகத்துக்கும் மார்க்கத்தில் என்ன இடம் என்று விவாதிக்க இதை எழுதவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பொல்ஷோய். ரஷ்யர்களின் பெருமை அது. 1776இல் மகாராணி இரண்டாம் கத்தரீன் காலத்தில் அதைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் உருசோவ் என்ற ரஷ்யப் பிரபு. மற்றவர் மைக்கேல் மெடொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1853இல் கட்டடம் எரிந்தது. 1856இல் அதை மீண்டும் கட்டியெழுப்பியவர் அல்பேர்ட்டோ காவோஸ், வெனிஸிலிருந்து வந்து குடியேறிய இத்தாலிய இசைக்கலைஞர் ஒருவரின் மகன். ஆங்கிலேயரும் இத்தாலியரும் கைவைத்த கட்டடத்தை ரஷ்யர்கள் தங்கள் காசுத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய பெருமை எதுவும் குறைந்துவிடவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை தாண்டி மருதானை. மருதானை என்றால் நமக்கு ஸாஹிரா கல்லூரி ஞாபகம் வரும். பஞ்சிகாவத்தை என்றால் வாகன ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள். அந்தப் பஞ்சிகாவத்தை வீதியில்தான் டவர் ஹோல் நிற்கிறது. எத்தனை தடவை அதைக் கடந்து போயிருப்போம்!

1911 டிசம்பர் 6ஆம் திகதி அது திறக்கப்பட்டது. கட்டியவர் ஹென்ரிக் செனவிரத்ன என்ற வர்த்தகர். முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸ் எழுதிய 'பண்டுகாபய'. சிங்கள மக்களின் 'நூர்த்தி' என்ற இசை நாடகத்துக்கு அதுவே தாய்வீடு. ஒபராவைப் போல அதிலும் பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு.

அந்த நூர்த்தி எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி கொழும்புக்கு வந்தன. எல்பின்ஸ்டன் கம்பனி அவற்றில் பேர்போனது. வர்ணம் தீட்டிய திரைகள், ஹார்மோனியம், தபேலா, பளபளக்கும் உடைகள். அவர்கள் நடித்த மொழி உருது! அந்த மேடைகளில் புகழ்பெற்ற நாடகம் 'இந்தர் சபா'. லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷா காலத்தில் ஆகா ஹசன் அமானத் எழுதியது. கொழும்பு ஜனங்கள் பாஷை புரியாமலேயே மெட்டில் மயங்கினார்கள். அந்தப் பாணியில் சிங்களத்தில் முதலில் நாடகம் போட்டவர் டொன் பஸ்டியன். 1877இல் வந்த அவருடைய 'ரொலினா'தான் முதல் நூர்த்தி. பிறகு வந்த ஜோன் டி சில்வா அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி என்ற இசைக்கலைஞர் அவருக்கு மெட்டமைத்துக் கொடுத்தார்.

அதற்கு முன்பு சிங்களவர்களிடம் இருந்தது 'நாடகம' என்ற கூத்து. பெயரைப் பாருங்கள். தமிழ்க் கூத்து கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாகப் போய் அப்படி ஆனது. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அந்தப் பாணியில்தான் உருவாக்கினார். பேராதனையில் அதைக் கண்ட உற்சாகத்தோடு பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் நம் தமிழ்க் கூத்தைப் புதுப்பித்து மேடையேற்றினார். கொடுத்தது சுற்றித் திரும்பி வீட்டுக்கே வந்தது.

கசப்பான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். டவர் ஹோல் திறப்புவிழாவின் பிரதம அதிதி அநகாரிக தர்மபால. முஸ்லிம் வியாபாரிகளைப் பற்றி அவர் எழுதிய கடும் வார்த்தைகள் வரலாற்றில் பதிவாகி இருக்கின்றன. திறந்து நான்கு வருடம் கூட ஆகவில்லை, 1915இல் கலவரம் வந்தது. கண்டியில் தொடங்கிக் கொழும்புக்கும் பரவியது. நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. உருது நாடகத்திலிருந்து மெட்டெடுத்துப் பாடிய அதே நகரத்தில்தான் "இவர்கள் அந்நியர்" என்ற கூச்சலும் எழுந்தது.

அதற்குப் பிறகும் நம் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடவில்லை. சேலத்தில் பிறந்து இங்கே வந்த மொஹிதீன் பெய்க்கின் பௌத்த பக்திப் பாடல்கள் இல்லாமல் இன்றும் வெசாக் இல்லை. 1947இல் வந்த 'அசோகமாலா' படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மத் கௌஸ் மாஸ்டர். அதே வருடம் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொரொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடித்தது மதுரையில்.

பேசும்படம் வந்ததும் டவர் ஹோல் மங்கிப் போனது. அதுவே சினிமாத் தியேட்டராகவும் மாறியது. பிறகு பிரேமதாஸ பிரதமராக இருந்தபோது முயற்சி எடுத்து, 1978இல் அதைப் புதுப்பித்து மீண்டும் நாடகத்துக்கே கொடுத்தார்.

2016 சுதந்திர தின விழாவில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கிஷானி ஜயசிங்ஹ என்ற ஒபரா பாடகி 'தன்னோ புதுன்கே' பாடலை ஒபரா பாணியில் பாடினார். நம் பண்பாட்டை வெளிநாட்டுப் பாணியில் கெடுத்துவிட்டார் என்று பெரிய சத்தம் எழுந்தது. அந்தப் பாட்டு ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' நாடகத்தில் 1903இல் வந்தது. மெட்டமைத்தவர் மேலே சொன்ன அதே லவ்ஜி. வெளியூர்க்காரர் போட்ட மெட்டு, நூறு வருடத்தில் யாரும் தொடக்கூடாத சொந்தச் சொத்தாகிவிட்டது! நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்போடு பாடப்பாட எதுவும் சொந்தமாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆகவே பின்வரிசை மகனே, உனக்கு என் பதில் இதுதான். அது அவர்களுடையதுதான். அதில் உன் பங்கும் இருக்கிறது. "இவர்கள் அந்நியர்" என்று யாராவது சொன்னால் உனக்கு வலிக்கும். "அது அவங்கட" என்று நீ சொல்லும்போது, அதே கோட்டை மறுபக்கத்திலிருந்து நீயும்தான் கீறுகிறாய்.

அடுத்த தவணையில் இந்த வகுப்பை மருதானைக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். ரயிலில்தான். பெற்றோர்கள் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் யாராவது டவர் ஹோலில் நாடகமோ படமோ பார்த்திருந்தால், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.