கிறிஸ்து அரசர் பெருவிழா

கிறிஸ்து அரசர் பெருவிழா என்பது, இயேசு கிறிஸ்துவே அனைத்துலகின் அரசர் என்னும் நம்பிக்கையைக் கொண்டாடும் கத்தோலிக்கத் திருவிழா ஆகும்.

முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பேரரசுகள் பல வீழ்ந்தன. இத்தாலியில் முசோலினியின் ஆட்சி வலுப்பெற்றது. அச்சூழலில், எல்லா ஆட்சிக்கும் மேலானது கிறிஸ்துவின் ஆட்சி என வலியுறுத்தி, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று சுற்றுமடல் வழியாக இவ்விழாவை ஏற்படுத்தினார். முதலில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கொண்டாடப்பட்டது. 1969இல் நாள்காட்டி திருத்தப்பட்டபின், திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாறியது. அது நவம்பர் 20 முதல் 26க்குள் வரும். திருவண்ணாமலையில் அது தீபத் திருவிழாவின் மாதமான கார்த்திகை.

இக்கருத்து தமிழருக்கு அந்நியமானதன்று. 'கோ' என்பது அரசனையும் குறிக்கும், இறைவனையும் குறிக்கும். கோவின் இல்லமே கோயில். திருக்குறளின் 'இறைமாட்சி' அதிகாரம் பேசுவது அரசனின் சிறப்பையே. தமிழ்க் கிறித்தவர் இயேசுவை அழைக்கும் 'ஆண்டவர்' என்ற சொல்லும் 'ஆள்' என்னும் வினையடியில் பிறந்தது.

ஆனால் இவ்வரசரிடம் படை இல்லை, முடியும் முள்முடியே. சீடர்களின் பாதங்களைக் கழுவியவர் அவர். 'யூதரின் அரசர்' என்று பிலாத்து சிலுவையில் எழுதி வைத்தது குற்ற அறிவிப்பு. அதையே கிறித்தவர் தம் அரசரின் பட்டமாக ஏற்றனர்.