இரட்டைப் பார்வையில் பாராமகால்

பாராமகால் என்று முன்பு அழைக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் கேமராவுக்கு அகப்பட்டது 1857-58இல். படமெடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்த இவரை மாகாண அரசு 1856இல் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. பெங்களூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றிவந்தார். 1858இல் வெளியான அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டைக்கும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் உரியது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ராயக்கோட்டை அதில் சேர்ந்தது. 2004 முதல் அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

அதே பயணத்தில் ட்ரைப் ஸ்டீரியோகிராஃப் என்னும் இரட்டைப் படங்களும் எடுத்தார். சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் அறிவித்த ஸ்டீரியோஸ்கோப் அதற்குள் ஐரோப்பிய வீடுகளில் பொழுதுபோக்குச் சாதனமாகியிருந்தது. சற்றே விலகிய இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களை இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாகக் காட்டினால், மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணரும். ட்ரைப்பின் இரட்டைப் படத் தொகுப்புகள் மதுரைக்கும், திருச்சி-தஞ்சைப் பகுதிக்கும் கிடைத்தன. ராயக்கோட்டைத் தொகுப்பு ஒற்றைப் படங்களாலானது.

தூண் வரிசைகள் நிறைந்த கோயில் மண்டபம் இந்தக் கலைக்கென்றே கட்டியதுபோல் அமைந்தது, துர்க்கம் எனப்படும் மலைக்கோட்டை அப்படியல்ல. மனிதக் கண்களின் இடைவெளி சுமார் ஆறரை சென்டிமீட்டர். பத்தடியில் உள்ள தூண் இரு கண்களுக்கும் நன்றாகவே இடம் மாறித் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மலைக்கோட்டையோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே படமாகத்தான் விழும். மலையின் ஆழம் வேண்டுமானால் இரு பார்வைகளின் இடைவெளியைப் பல மீட்டராக விரிக்க வேண்டும்.

ட்ரைப்பின் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொன்னார்; 1860இல் புகைப்படப் பிரிவு மூடப்பட்டது. கோயில்களும் கோட்டைகளும் அன்றிருந்த நிலையைக் காட்டும் அந்தப் படங்களைப் பார்த்தால், பிரிவை மூடி மிச்சம்பிடித்த காசு அற்பம் என்றே தோன்றும்.

மலையின் ஆழத்துக்கு வேண்டிய அந்தப் பார்வை இடைவெளியை விரிக்க விமானம் வழி திறந்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறை வான்படங்களை அடுத்தடுத்த படம் சுமார் அறுபது விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து, ஸ்டீரியோ கருவிகளில் பொருத்தி, சமஉயரக் கோடுகளை வரைந்தது. கோடு எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தது பயிற்சி பெற்ற மனிதக் கண்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் ஒரு கேமரா 26 பாகை முன்னோக்கியும் இன்னொன்று 5 பாகை பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. 618 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, ஒரே நிலத்தை ஏறத்தாழ 52 வினாடி இடைவெளியில் இரண்டும் படமெடுத்தன. அந்த 52 வினாடிக்குள் செயற்கைக்கோள் கடந்த தொலைவுதான் அதன் 'கண்களின்' இடைவெளி. ஒரு படத்தின் புள்ளி மற்றதில் எங்கே விழுகிறது என்று தேடும் வேலை கணினிக்கு வந்தது. நாடு முழுவதற்குமான கார்ட்டோடெம் உயர மாதிரி இப்படி உருவானது. தருமபுரி வட்டாரத்தின் வத்தல்மலையும் சித்தேரி மலையும் அதில் உயர எண்களாக உள்ளன.

பொருத்தம் எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. செங்குத்துச் சரிவின் மறுபக்கம் ஒரு கேமராவுக்கு மறைந்துவிடும்; அடர்ந்த காட்டில் கிடைக்கும் உயரம் தரையுடையதல்ல, மர உச்சியுடையது. ஒகேனக்கலில் பாறைகள் பொருந்தினாலும், அருவி நுரை அந்த 52 வினாடிக்குள் உருமாறிவிடுகிறது. ஓடும் நீரில் பொருந்தும் புள்ளி கிடைக்காத இடங்களுக்குக் கரையின் உயரங்களிலிருந்தே மதிப்பைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும்.