பழனி மலைச் சோலைகளில் பாதரச மாசு

பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம், சுற்றியுள்ள சோலைக்காடுகளிலும் ஏரிகளிலும் படிந்த நிகழ்வு. காற்றுமாசு தமிழ்நாட்டுக் காடு ஒன்றைத் தொட்டதற்கு இதுவே தெளிவான சான்று எனலாம்.

நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து வந்த பழைய இயந்திரங்களுடன், 1980களின் முற்பகுதியில் பாண்ட்ஸ் நிறுவனம் இந்த ஆலையை அமைத்தது. நிறுவனம் யூனிலீவர் வசமானபின் ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. ஆலை நின்ற மேட்டின் ஒரு சரிவு பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. அங்கு வடியும் நீர் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் போய் வைகையைச் சேரும்.

பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில்தான். ஆனாலும் திறந்து வைத்தால் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 14 மில்லிகிராம் வரை தாங்கும். மாசற்ற இடத்துக் காற்றில் இருப்பதோ ஒன்றிரண்டு நானோகிராம். இந்த ஆவி எளிதில் நீரில் கரையாததால் மாதக்கணக்கில் காற்றிலேயே திரியும். ஆடிக் காற்றில் கிளம்பினால் திண்டுக்கல், மருங்காபுரி வானத்தைக் கடந்து கடல் தாண்டிவிடும். புரோமின் போன்றவற்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்தபின்தான் மழையோடு இறங்குகிறது.

காட்டுக்குள் அது நுழைய வேறொரு வாசலும் உண்டு. இலைத்துளைகள் ஆவியை உறிஞ்சுகின்றன. இலை உதிரும்போது பாதரசம் மட்குக்குப் போய், அங்குள்ள கந்தகச் சேர்மங்களோடு பிணைந்துகொள்கிறது. கந்தக டைஆக்சைடு போல இது இலையைக் கருக்குவதில்லை. ஐரோப்பாவில் அமில மழையால் மொட்டையான மலைகளைப் பார்த்துப் பழகியவர்கள், பச்சையாக நிற்கும் சோலையைக் கண்டு ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும். ஆபத்து நீரடிச் சேற்றில் இருக்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்க, அது மீனில் சேர்ந்து உணவுச் சங்கிலியில் மேலேறுகிறது.

வேரில்லாத மரப்பாசியும் லைக்கனும் (சமையலில் போடும் கல்பாசியும் லைக்கன்தான்) தமக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தே எடுப்பதால், மாசையும் சேர்த்து வைக்கும். ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் கொடைக்கானல் மரங்களில் இவற்றைச் சேகரித்துச் சோதித்தபோது, பாதரசம் மிகுந்திருப்பது தெரிந்தது. சோலைகளின் தாவரங்களைத் திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே. எம். மேத்யூ பல்லாண்டுகள் தொகுத்து 1999இல் வெளியிட்டிருந்தார். அழியக்கூடியவை எவை என்பது, ஆகவே, முன்பே தெரிந்திருந்தது.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு வெளிச்சத்துக்கு வர, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல், பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகக் கூறிய 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

ஆலை நிலத்து மண்ணைச் சீராக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு வைக்கப்பட்டது. காட்டை ஒட்டிய நிலத்துக்கு இது தாராளம் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆலை வேலியோடு நின்றுவிடும் கணக்கில், காற்றில் போய் மட்கில் தங்கிய பங்கு வராது. மறுபக்கம், மண்ணை அள்ள மரங்களை வெட்டிச் சரிவைக் கிளறினால், அடங்கிக் கிடக்கும் பாதரசம் மழையில் சோலைக்குள் இறங்கும். ஒரு பகுதி மீண்டும் ஆவியாகும்.