கடினமான பொருளும் தானே ஒட்டும்: கொல்கத்தா படிகம் காட்டிய வழி

விரிசல் விழுந்தால் தாமே ஒட்டிக்கொள்ளும் பொருட்களில் பெரும்பாலானவை பாலிமர்கள். இத்துறையின் முன்னோடி ஆய்வு 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெளிவந்தது. ஸ்காட் வைட் குழுவினர், திரவம் நிரம்பிய நுண்குமிழ்களை எபாக்சி பிளாஸ்டிக்கினுள் பதித்தனர். விரிசல் பரவியபோது குமிழ்கள் உடைந்து திரவம் கசிந்து, வினையூக்கியைத் தொட்டு இறுகியது. முறிவைத் தாங்கும் திறன் 75 சதவீதம் வரை மீண்டது. ஆயினும் உடைந்த குமிழ் மீண்டும் நிரம்பாது. அதே இடத்தில் அடுத்த விரிசலுக்கு மருந்தில்லை.

2008-இல் பாரிஸில் லுட்விக் லீப்லர் குழுவினர் உருவாக்கிய ரப்பருக்குக் குமிழ்கள் தேவைப்படவில்லை. வெட்டிய முனைகளைச் சேர்த்து அழுத்தினால், ஹைட்ரஜன் பிணைப்புகள் அவற்றை அறை வெப்பநிலையிலேயே இணைத்தன. இங்கும் ஒரு விலை உண்டு. இணைவதற்கு மூலக்கூறுகள் நகர வேண்டும். எனவே பொருள் மென்மையாக இருக்க வேண்டும். கடினமான பொருளில் மூலக்கூறுகள் எளிதில் அசைவதில்லை.

இந்த முட்டுக்கட்டையைக் கடக்கும் வழி, பாலிமருக்கு வெளியே, படிகத்தில் கிடைத்தது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் கரக்பூர் ஐஐடியும் இணைந்து நடத்திய ஆய்வு, 2021 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சி. மல்லா ரெட்டி தலைமையிலான குழுவினர் உருவாக்கிய பைபைரசோல் கரிமப் படிகங்கள், முறிந்த சில மில்லி வினாடிகளில், வெப்பமோ பசையோ இன்றி, பழைய ஒழுங்கிலேயே இணைந்தன.

இவை அழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் படிகங்கள். முறியும்போது இரு முகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் தோன்றி, ஒன்றையொன்று இழுக்கின்றன. மூலக்கூறுகள் நகரத் தேவையில்லை; துண்டுகளே நெருங்கி வருகின்றன.

குவார்ட்ஸும் அழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் படிகமே. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ஊரிகம் உள்ளிட்ட சுரங்கங்களில், பொன் படிந்திருந்தது குவார்ட்ஸ் நாளங்களில்தான். ஆனால் உடைத்த குவார்ட்ஸ் உடைந்தபடியே கிடக்கும். அதன் அணுக்களைப் பிணைப்பவை வலுவான வேதிப் பிணைப்புகள். அறுந்தால் எளிதில் திரும்பாதவை. கரிமப் படிகத்தின் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகளோ தளர்வானவை, மீண்டும் அமையக்கூடியவை.

துண்டுகள் மிக அருகில் இருந்தால் மட்டுமே இந்த ஈர்ப்பு பலிக்கும். சோதிக்கப்பட்டவையும் சிறு படிகங்களே. கைபேசித் திரை அளவுக்கு வளர்த்தவை அல்ல. இயந்திர அசைவை மின்சாரமாக்கும் சிறு கருவிகளில் இவற்றின் செயல்திறனை, பானு பூஷண் கட்டுவா தலைமையிலான கரக்பூர் குழுவினர் ஆராய்ந்தனர்.