சிட்டையும் பேரேடும்: தங்கவயல் பிள்ளைகளின் கோடைக்காலச் சித்திரப் பயிற்சி

நம் சங்க மலருக்கு இவ்வாண்டும் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு ஒன்றைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடையில் நடந்த ஒரு சிறிய விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடியேன் ஓவியன் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகக் காகிதமும் நோட்டும் பென்சிலும் விற்கிற வியாபாரி. என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு தேடி இங்கே வந்தவர். ஊருக்கு எங்கள் கடை 'நயினார் கடை'; பலகையில் என்ன பெயர் எழுதினாலும் யாரும் அதைப் படித்ததில்லை.

2022 ஏப்ரலில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். சிறு வயதில் கலர் பென்சில் வாங்க வந்த பிள்ளைதான். பெங்களூரில் ஓவியப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு வெளிமாநிலக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பியிருந்தாள். கையிலிருந்த கோப்பை என் மேஜைமேல் விரித்தாள். இருபத்திரண்டு படங்கள். எல்லாம் சுத்தம், ஒரு கறை இல்லை. ஒரு நடிகர் முகம், ஒரு பிள்ளையார், பாலைவனத்தில் ஒட்டகம் ஒன்று. இந்தப் பிள்ளை ராஜஸ்தானம் போனதே இல்லை.

"அவங்க எதையும் குறை சொல்லல தாத்தா. உன் ஸ்கெட்ச் புக் எங்கேன்னு மட்டும் கேட்டாங்க. எங்கிட்ட இல்ல."

எனக்குச் சட்டென்று விளங்கியது. ஓவியம் தெரிந்து விளங்கவில்லை, கணக்கு தெரிந்து விளங்கியது. எங்கள் வியாபாரத்தில் சிட்டை என்று ஒன்று உண்டு, பேரேடு என்று ஒன்று உண்டு. அன்றன்று நடப்பதை அந்தந்த நேரத்திலேயே கிறுக்கி வைப்பது சிட்டை. அடித்தல் திருத்தல் இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். இரவு உட்கார்ந்து அதைப் பார்த்துத் தெளிவாக ஏற்றுவது பேரேடு. வரி அதிகாரி வந்தால் பேரேட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "நயினாரே, சிட்டையை எடுங்க" என்பார். பேரேடு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சந்தேகம் அவருக்கு. ஓவியக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்டதும் அதையேதான்.

இந்தச் சிட்டை எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் மதயானையிடமிருந்து குணமாலையைக் காப்பாற்றிய சீவகன், திரும்பி வந்து அவள் அஞ்சி நின்ற கோலத்தைப் படமாகத் தீட்டுகிறான். கண் கண்டதை நினைவு ஆறுவதற்குள் கை எழுதிவிட வேண்டும் என்பது திருத்தக்கதேவருக்குத் தெரிந்திருந்தது. (பின்னால் காந்தருவதத்தைக்கு அந்தப் படத்தால் வந்த கோபம் வேறு கதை.) சித்தன்னவாசல் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூக்கொய்யும் ஆட்கள். சமவசரணத்தில் அமைந்த குளம் அது என்று எங்கள் சமயத்தார் சொல்வோம். சமயக் கருத்து எதுவானாலும், அதை எழுதிய கை பல நாள் ஏதோ ஒரு நிஜக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிற்காலத்துக்கு வருவோம். சென்னை ஓவியப் பள்ளியை டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கினார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1957-ல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி தனபால் என்று பெரியவர்கள் அதை நடத்தினார்கள். துறையூர் அருகே கீரம்பூரில் 1938-ல் பிறந்த ஆதிமூலம் அங்கே படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியை மட்டுமே கோட்டோவியமாக மீண்டும் மீண்டும் வரைந்தார். ஒரே மனிதர், ஒரே கைத்தடி, ஆனால் ஒரு கோடு போல் மற்றொன்று இல்லை. அவர் காலமானது 2008-ல்.

ஆனால் நம் வீடுகளுக்குள் சித்திரத்தைக் கொண்டுவந்தவர் சில்பிதான். நாமக்கல்லில் பிறந்த ஸ்ரீனிவாசன் அவர். 1940-களின் கடைசி தொடங்கி ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தார். போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரைந்திருக்கலாமே என்று நான் சிறுவயதில் நினைத்ததுண்டு. ஒருமுறை மேல்சித்தாமூரில் ஒரு தூணைப் பார்த்து நானே பென்சிலால் முயன்றபோதுதான் தெரிந்தது. போட்டோவில் நிழலுக்குள் போய்விடும் விரலை, அருகில் உட்கார்ந்தவன் தலையை நகர்த்திப் பார்த்து எண்ணிவிடலாம். (என் தூண், தூண் போல வரவில்லை. அது இருக்கட்டும்.) கல்கியுடன் இலங்கைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மணியமும் பொன்னியின் செல்வனுக்கு வரைந்தார்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர், தொழிலால் வேதியியலாளர், சென்னையில் பேட்டரித் தொழிற்சாலை உத்தியோகம். ஓவியப் பள்ளியில் படிக்காதவர். விழித்திரை நோயால் பார்வை ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வர, மயிரிழைக் கோடுகளால் தம் இளமைக்கால மதுரையைத் தாளில் இறக்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-ல் மறைந்தார். பார்வை போகிறது என்று தெரிந்தவன் எதை முதலில் வரைவான்? தன் தெருவைத்தான்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. "மதுரையில கோபுரம் இருக்கு தாத்தா. இங்க இன்னா இருக்கு வரைய?"

இங்கே என்ன இருக்கிறது! மைக்கேல் லவெல் 1875-ல் உரிமம் வாங்கி, 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து, நூற்றிருபது ஆண்டு நம் வடஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் சனங்கள் இறங்கி ஏறிய இடம். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் நின்றது. கம்பெனிக்காரர்கள் சுரங்கத்தின் பிளான் ஏராளமாக வரைந்தார்கள். அடி, அங்குலம், சரிவு எல்லாம் அதில் உண்டு. இறங்கியவன் முகம் அதில் கிடையாது.

சுரங்கத்தை வரையலாமா என்பதற்கும் முன்னோடி உண்டு. வான்கோ 1880-ல் ஓவியனாவது என்று முடிவெடுத்தது பெல்ஜியம் நிலக்கரிப் பகுதியில் இருந்தபோதுதான். ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர், உலகப் போர்க் காலத்தில், 1941 கடைசியிலும் 1942-லும், தம் சொந்த ஊர்ப்பக்கத்து வீல்டேல் சுரங்கத்தில் இறங்கினார். தந்தை வேலை செய்த சுரங்கம். இருட்டில் குறிப்பெடுத்து, மேலே வந்து பெரிதாக வரைந்தார். முதலில் சிட்டை, பிறகு பேரேடு.

அந்தக் கோடையில் 120 ஜி.எஸ்.எம். தாளில் கட்டிய இரண்டு நோட்டும், 2பி, 4பி, 6பி பென்சில்களும் கொடுத்தேன். ரப்பர் கேட்டாள், தரவில்லை. தேதியும் இடமும் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது, நாளுக்கு ஒரு பக்கமாவது. கணக்கு நோட்டுக்கு உள்ள சட்டம்தான், வேறில்லை. காலை ஆறு முதல் ஒன்பது வரை வெளியே. வெயில் ஏறினால் வீட்டுக்குள் அடுப்பு, சைக்கிள், பாட்டியின் கை. பெங்களூர் போகும் விடியற்காலை ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கும் நம் ஆட்களை மட்டும் பதினான்கு பக்கம் வரைந்தாள். மைன்ஸ் மூடியபின் நம் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதை எந்தக் கட்டுரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பாதி மே மாதம் போனபின் ஒருநாள், ஷாஃப்ட்டின் மேலுள்ள இரும்புக் கோபுரத்தை வரைந்து தன் தாத்தாவிடம் காட்டியிருக்கிறாள். முப்பது வருஷம் கீழே இறங்கியவர். வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்காதவர். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னா புள்ள, கயிறு ரெண்டும் ஒரே மாதிரி போவுது? ஒண்ணு டிரம்முக்கு மேலால சுத்தும், ஒண்ணு கீழால சுத்தும். ஒரு கேஜு மேல வந்தா இன்னொண்ணு கீழ போவும். நீ போட்டிருக்கிற மாதிரி இருந்தா ரெண்டும் ஒண்ணா மேல வந்து நிக்கும்."

மறுநாளிலிருந்து அவரும் கூடவே போனார். அவர் சொல்ல, இவள் வரைய, அப்புறம் அவர் திருத்த. கீழே லெவல் எப்படி இருக்கும் என்று இவளுக்குப் புரியவே இல்லை. பாறை வெடிப்பைத் தாங்க மரத்தை எப்படி அடுக்கினார்கள் என்பதை எத்தனை விதமாகச் சொன்னாலும் படம் தப்பாகவே வந்தது. கடைசியில் பென்சிலைப் பிடுங்கி அவரே நோட்டின் பின்பக்கத்தில் போட்டார். கோணல்மாணலான நாலு கோடுகள். அதற்குள் குனிந்து நிற்கும் ஓர் ஆள்.

ஆகஸ்டுக்குள் நோட்டு மூன்றாயிற்று. அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்குக் கோப்பு கட்டும்போது என்னிடம் யோசனை கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: இருபது தாள் போதும். ஒரே கோபுரத்தைக் காலை, உச்சி, மாலை என்று வரைந்ததைச் சேர்த்து வை, பார்ப்பவருக்கு உன் கண் வளர்ந்தது தெரியும். தப்பாய்ப் போட்ட கயிற்றையும் திருத்திய கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பெரிய படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது எந்த நோட்டில் எந்தத் தேதியில் பிறந்தது என்று எழுது. ஒட்டகத்தை எடுத்துவிடு.

"தாத்தா போட்ட பக்கத்த வெக்கலாமா?"

"வை. ஆனா யார் போட்டதுன்னு எழுதி வை. அடுத்தவன் சரக்கை நம்ம கணக்குல ஏத்தக் கூடாது."

அப்படியே எழுதினாள். 2023-ல் இடம் கிடைத்தது. நேர்முகத்தில் மற்ற தாள்களைச் சீக்கிரம் புரட்டியவர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்றார்களாம். மரம் அடுக்கும் முறையை இவள்தான் விளக்கினாளாம். பெரியவர் அதற்கடுத்த தையில் காலமானார்.

அதே 2024-ல், ஜூன் மாதம், நம் ஊர் மண்மேடுகள் பதின்மூன்றையும் மறுபடி தோண்டிப் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்குமேல் பரப்பு, சுமார் 33 மில்லியன் டன் மண். 1887-ல் கிளாஸ்கோவில் சயனைடு முறையைக் கண்டுபிடித்தார்கள். அதனால் நமக்குக் கிடைத்த மலை இது. வேலை வருமானால் நல்லதுதான், நான் எதிர்ப்பவன் அல்லன். ஆனால் மழை வரி வரியாய் அறுத்த அந்தச் சரிவைப் போலக் கோடு பழக வேறு இடம் எனக்குத் தெரியாது. வெளியூரில் குடியேறிவிட்ட நம் குடும்பங்கள், படம் வரையும் பிள்ளை இருந்தால், இந்த விடுமுறையிலேயே அனுப்பி வையுங்கள். காலை ஏழு மணிக்கு மேட்டின் மேற்குப் பக்கம் நிழல் இருக்கும். ஏற விட வேண்டாம், தள்ளி உட்காரட்டும். காற்றடிக்கும் நாளில் போகவே வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். நோட்டு என் கடையில் இருக்கிறது. ரப்பர் மட்டும் கேட்க வேண்டாம்.