பொருளை எழுதுபவர் யார்? கம்பம் பள்ளத்தாக்கு நகர்மன்றங்களின் விவாத உரிமை

நகர்மன்றக் கூட்டத்தைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது உறுப்பினர்களின் மேசையில் கிடக்கும் காகிதக் கட்டு. அஜெண்டா என்பது அதன் புழக்கப் பெயர். அதில் எண்ணிட்டு வரும் ஒவ்வொன்றும் ஒரு ‘பொருள்’. பொருளுக்குக் கீழே அலுவலகக் குறிப்பு. குறிப்பின் கடைசியில் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ அல்லது ‘மன்றத்தின் பார்வைக்கு’ என்ற வரி. ஊழியர் ஒருவர் பொருளை வாசிக்கிறார். உறுப்பினர்கள் எழுந்து தங்கள் வார்டில் தண்ணீர் வராத தெருவையும் எரியாத விளக்கையும் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கும் வாசிக்கப்பட்ட பொருளுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. சிறிது நேரத்தில் ‘ஆல் பாஸ்’ என்ற குரல் எழும். தீர்மானப் புத்தகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல் பொருளுக்குப் பொருள் திரும்ப எழுதப்படும்.

உறுப்பினர்கள் பொருளைப் பற்றிப் பேசாதது அவர்களுடைய அறியாமையால் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. பொருள் மன்றத்துக்கு வரும்போது அதில் முடிவு செய்ய எதுவும் மீதம் இருப்பதில்லை. அதனால் மன்றத்தில் பேச உரிமை இருக்கிறதா என்று கேட்பதைவிட, எதைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பது இக்கட்டுரையின் வாதம். கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ள தேனி மாவட்டத்து நகராட்சிகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

1997 முதல் தனி மாவட்டமாக இயங்கும் தேனியில் ஆறு நகராட்சிகள் உள்ளன. தேனி-அல்லிநகரம், போடிநாயக்கனூர், கம்பம் மூன்றுக்கும் தலா 33 வார்டுகள். பெரியகுளத்துக்கு 30, சின்னமனூருக்கு 27, கூடலூருக்கு 21. ஆக 177 உறுப்பினர்கள். இவை போக 22 பேரூராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரிய நகராட்சியான தேனி-அல்லிநகரம்கூட ஒரு லட்சத்தைத் தொடவில்லை. கவுன்சிலரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய அளவுள்ள ஊர்கள் இவை. மக்களாட்சிக்கு இதைவிட நெருக்கமான களம் கிடைக்காது.

சட்டம் அந்த நெருக்கத்தை நம்பவில்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் துணைவிதிகள் இயற்றும் அதிகாரத்தை மன்றத்துக்குக் கொடுத்தது. ஆனால் அரசு ஒப்புதல் அளித்தால்தான் துணைவிதி செல்லும். மன்றத் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரமும் அரசிடம் இருந்தது. தலைவரிடம் இருந்த நிர்வாக அதிகாரம் 1930களில் அரசு நியமிக்கும் ஆணையாளரிடம் போனது. குறிப்பு எழுதும் பேனா கைமாறியது அப்போதுதான். 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கென 18 துறைகளைப் பட்டியலிட்டது. அதை ஒட்டி வந்த 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமோ 2000இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் செயலுக்கு வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இந்த ஊர்களை ஆண்டது 1920இன் சட்டமே.

மன்றமே இல்லாத காலத்தையும் இந்த ஊர்கள் பார்த்திருக்கின்றன. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலரே மன்றம். குறிப்பை மன்றத்துக்கு வைப்பவர் ஆணையாளர். தனி அலுவலர் என்ற முறையில் அதற்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்திடுபவரும் அவரே. அந்தக் காலத்தில் வேலைகள் தடங்கலின்றி நடந்தன, கமிஷன் கேட்கக் கவுன்சிலர் இல்லை என்று சொல்பவர்களைத் தேனிக் கடைவீதியிலேயே கேட்கலாம். கவுன்சிலர்கள் மீதுள்ள அந்த மனக்கசப்புக்குக் காரணங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018இல் மாநிலம் முழுவதும் வந்த சொத்துவரி உயர்வின்போது, எங்கள் தெருவுக்கு ஏன் இந்த மதிப்பு என்று எழுந்து கேட்க ஒரு நாற்காலிகூட மன்றக் கூடங்களில் நிரம்பியிருக்கவில்லை. அந்த உயர்வு பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டதும் சென்னையிலிருந்து வந்த முடிவே.

மன்றம் திரும்பி வந்தபோது நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீட்டுடன் நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தல் என்பதால் புதிய முகங்கள் ஏராளம். மார்ச் 4 அன்று மறைமுகத் தேர்தலில் தலைவர்கள் தேர்வானார்கள். கூட்டணியில் காங்கிரசுக்கு ஒதுக்கிய தேனி-அல்லிநகரம் தலைவர் பதவியைத் தி.மு.க. உறுப்பினர் கைப்பற்றியது மாநிலச் செய்தியானது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், ஒரு மாதம் நிறையும் முன்பே, சொத்துவரி உயர்வு ஆணை வந்துவிட்டது. 600 சதுர அடிக்குக் குறைந்த குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100. உள்ளாட்சி மானியம் பெற வேண்டுமானால் சொத்துவரியின் அடிப்படை விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை இதன் பின்னணி.

இந்த விகிதத்தை மன்றங்கள் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும், மக்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், பிறகு இறுதித் தீர்மானம் போட வேண்டும். வடிவத்தில் இது முழுமையான விவாத நடைமுறை. உள்ளே விவாதிக்க எண் ஒன்றுகூட இல்லை. நிதிக்குழு டெல்லியில் முடிவு செய்தது, அரசு சென்னையில் விகிதம் குறித்தது. கம்பத்திலோ போடியிலோ முதன்முறை வென்று வந்த ஒரு பெண் கவுன்சிலர் வாக்காளரிடம் பதில் சொன்னார். வரி உயர்வு தேவையா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் தேவை என்பேன்; பல ஆண்டுகள் வரியைத் தொடாமல் விட்டால் சாக்கடை வாரக்கூட நகராட்சியில் காசு இருக்காது. ஆனால் ஏலக்காய்க் கடைகள் நிறைந்த போடிக்கும், பெரும்பாலும் விவசாயத்தை நம்பியிருக்கும் கூடலூருக்கும் ஒரே அட்டவணை பொருந்துமா என்று கேட்டு, தன் ஊருக்கேற்ற விகிதத்தை வகுக்கும் வேலையைத்தான் மன்றம் செய்திருக்க வேண்டும். அந்த வேலை பொருளுக்குள் வரவே இல்லை.

திடக்கழிவுத் துணைவிதியிலும் இதே கதை. 2016இல் மத்திய அரசின் திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு உள்ளாட்சியும் ஓராண்டுக்குள் துணைவிதி வகுக்க வேண்டும் என்றன. அந்த ஓராண்டின் பிற்பாதியில் தமிழக நகராட்சிகளில் மன்றமே இல்லை.

அஜெண்டாவுக்குள் வராமலே போகும் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லோயர் கேம்ப்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனக் கீழே வந்து தேனியைத் தொடுகிறது. வழியில் 17 கால்வாய்கள் பிரிந்து 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கின்றன. போடியிலிருந்து வரும் கொட்டகுடி ஆறு தேனிக்கருகே இதில் கலக்கிறது. பிறகு வைகை, வைகை அணை, மதுரையின் குடிநீர். பெரியகுளம் மட்டும் சோத்துப்பாறையையும் வராக நதியையும் நம்பித் தனியே நிற்கிறது. மற்ற ஐந்து நகராட்சிகளும் ஒரே நீரோட்டத்தின் மேல் கோத்த மணிகள். மேலே உள்ள ஊரின் சாக்கடை அடுத்த ஊரின் வாய்க்கால்.

ஆனால் வாய்க்கால் நகராட்சியுடையது அல்ல, நீர்வளத் துறையுடையது. அதில் விழும் குப்பையும் கழிவுநீரும் நீர்வளத் துறையுடையவை அல்ல, நகராட்சியுடையவை. தேனி நகருக்குள் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரைத் தாமரைக்குளம் கண்மாய்க்குக் கொண்டுபோகும் ராஜவாய்க்கால் ஆக்கிரமிப்பில் சிக்கிக் கிடந்த கதையும், மீறுசமுத்திரம் கண்மாயில் கழிவுநீர் சேரும் கதையும் ஊரறிந்தவை. கவுன்சிலர் எழுந்து வாய்க்காலைப் பற்றிப் பேசினால், ‘சம்பந்தப்பட்ட துறைக்குக் கடிதம் எழுதப்படும்’ என்ற பதில் கிடைக்கிறது. பொருளாக இல்லாததால் அந்தப் பேச்சு தீர்மானமாவதில்லை. தீர்மானமாகாததால் அடுத்த மாதம் அதைப் பற்றிக் கேட்கப் பிடிமானம் இருப்பதில்லை. கம்பம் மன்றமும் சின்னமனூர் மன்றமும் ஒரே வாய்க்கால் நீரைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு மேசையும் இல்லை.

அந்த மேசையை அரசியலமைப்பு போட்டு வைத்திருக்கிறது என்பதுதான் வேதனை. மாவட்டத் திட்டக்குழு பற்றிய 243 இசட்-டி பிரிவு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை எண்ணும்போது தண்ணீரைப் பகிர்வதை வெளிப்படையாகச் சொல்கிறது. அக்குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களால், அவர்களுக்குள்ளிருந்தே தேர்வாக வேண்டும். எல்லை தாண்டிக் குமுளி மலை ஏறினால் காட்சி மாறுகிறது. கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முன்வந்தது; வார்டு சபையில் தொடங்கிய கோரிக்கை திட்டமாக மேலேறியது. அங்கும் குறைகள் பல. ஆயினும் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பள்ளத்தாக்குத் தொழிலாளி, பொருள் கீழிருந்து எழுதப்படும் ஊரில் உழைத்துவிட்டு, மேலிருந்து எழுதப்படும் ஊருக்குத் திரும்புகிறார்.

தமிழ்நாட்டிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வார்டு குழுக்களை மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே அரசியலமைப்பு கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கில் தேனி மாவட்டம் முழுவதும் வெளியே நிற்கும். 2022இல் வந்த மாநில விதிகள் வார்டு குழுவையும் பகுதி சபையையும் சிறு நகராட்சிகளுக்கும் கொண்டுவந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. கோரிக்கைகள் எழுதி வாங்கப்பட்டன.

அந்தக் கோரிக்கைத் தாள்கள் பிறகு எங்கே போகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலுவலக அலமாரிக்குப் போனால் அவை மனுக்கள். பகுதி சபை கேட்டது அடுத்த மன்றக் கூட்டத்தில் எண்ணிட்ட பொருளாக வர வேண்டும். மறுப்பதானால் காரணம் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் அலுவலகக் குறிப்பு இல்லாமலே ஒரு பொருள் அஜெண்டாவில் ஏற வேண்டும். இம்மூன்றையும் விதியாக்கப் புதிய நிதி தேவையில்லை. ஆற்றோரத்து ஐந்து நகராட்சிகளின் மன்றங்களும் ஆண்டுக்கொரு முறை, தண்ணீர் திறப்புக்கு முன், ஒரே பொருளை வைத்துக் கூடவும் திட்டக்குழுவின் கீழ் வழி செய்யலாம்.

ஜூன் மாதம், முல்லைப் பெரியாறு அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில், முதல் போகத்துக்கு ஷட்டர் திறக்கிறார்கள். தண்ணீருக்கு முன்னால் பாலித்தீன் பைகளும் பாட்டில்களும் கோழிக் கழிவும் மிதந்து வந்து மடைவாயில் அடைக்கின்றன. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, அடுத்த ஊரின் குப்பையைக் கையால் அள்ளி வரப்பில் போடுகிறார். எந்த மன்றத்தின் அஜெண்டாவிலும் அதற்கு எண் இல்லை.