கணக்கு மேசையின் முன் ஓர் இடம்

பட்டம் பெற்று வெளிவரும் இளைஞனை நோக்கி ஊரும் உறவும் கேட்கும் முதற்கேள்வி, "வேலை எங்கே?" என்பதாகும். வாணிகம் செழித்த ஆண்டில் பட்டம் பெற்றவனுக்கு இதற்கு விடை கூறல் எளிது. பொருளாதார மந்தம் சூழ்ந்த ஆண்டில் பட்டம் பெற்றவனுக்கோ இக்கேள்வி நெஞ்சில் தைத்த முள்ளாகும். வணிகவியலும் பொருளியலும் பயின்று, வங்கியிலோ கணக்கு அலுவலகத்திலோ காலூன்ற விரும்பும் நம் சமுதாய இளைஞரும் நங்கையரும் இம்முள்ளை நன்கறிவர். வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் நம் கல்விச் சங்கம் அவர்க்கு அளிக்கத்தக்கது வெறும் ஆறுதல் மொழியன்று. பணம் எண்ணும் மேசையின் முன் நமக்கு ஓர் இடம் எவ்வாறு கிட்டிற்று, அவ்விடம் எப்பொழுதெல்லாம் குறுகிற்று என்னும் வரலாற்றையே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பரோடாவில் பதினொரு நாட்கள்

1917ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்று, இலண்டனில் மேற்படிப்பைத் தொடங்கியிருந்த அண்ணல் அம்பேத்கர், உதவித்தொகை முடிந்ததால் தாயகம் திரும்பினார். தம்மைப் படிக்க வைத்த பரோடா அரசில் பணியாற்றுதல் அவருடைய கடமை. அங்கே அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பயிற்சியாளராக அவர் அமர்த்தப்பட்டார். நிதித்துறையில் அவர் ஏற்ற முதற்பணி இதுவேயாகும்.

அந்நகரில் தங்குவதற்கு அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினொராம் நாள், தடியேந்திய பார்சிகள் சிலர் சூழ்ந்து நின்று அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர் இல்லங்களிலும் இடம் கிட்டவில்லை. ஊர்ப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் வடித்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதனை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

பம்பாயில் பங்குகள், முதலீடுகள் குறித்து ஆலோசனை கூறும் தொழிலை அவர் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், தொழில் நின்றது. 1918இல் சிடன்ஹாம் வணிகவியற் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே மிச்சப்படுத்திய பணம், கோல்ஹாப்பூர் மன்னரின் உதவி, பார்சி நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். போருக்குப் பின் ரூபாயின் மாற்று மதிப்பு ஏறி இறங்கித் தடுமாறிய அந்நாளில், அந்த ரூபாயையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவருடைய 'ரூபாயின் பிரச்சினை' 1923இல் நூலாக வெளிவந்தது. கணக்கு அலுவலகத்தில் நிலைத்திருக்க விடப்படாதவர், நாட்டின் நாணயத்திற்கே கணக்குப் பார்த்தார். எனினும், திரும்பிவந்த பின்னும் பிழைப்புக்காக 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார் என்பதை நம் இளைஞர் நினைவில் இருத்துதல் வேண்டும்.

அறிமுகம் என்னும் மூலதனம்

தமிழகத்தில் நிலைமை என்ன? 1906இல் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது; அதன் விளைவாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. கரூர் வைசியா வங்கி 1916இலும், இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப்படும் நாடார் வங்கி 1921இலும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இலும் நிறுவப்பட்டன. வாணிகம் செய்த சமூகங்கள் தம் சேமிப்பைத் திரட்டித் தமக்கென வங்கி கண்டன. இது பழிக்கத்தக்கதன்று, பின்பற்றத்தக்கதேயாம். ஆனால் நிலமும் கடையும் இல்லாத நம் முன்னோர்க்கு அவ்வாறு திரட்டுவதற்கு முதல் ஏது?

அக்காலத்தில் பணம் புழங்கும் பணிக்கு ஆள் எடுக்கும்பொழுது நம்பிக்கையே முதற்தகுதி. தெரிந்த குடும்பம், ஜாமீன் நிற்கும் செல்வர், பரிந்துரைக்கும் உறவினர் என்பவையே அந்நம்பிக்கைக்குச் சான்றுகள். நம்மிடம் பட்டம் இருந்தது; அறிமுகம் இல்லை. மந்தம் வந்து பத்து இடங்கள் இரண்டாகும்பொழுது, அவ்விரண்டும் அறிமுகம் உள்ளோர்க்கே செல்லும். மந்தத்தின் இயல்பு இதுவாகும்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்பொழுது அரசே ஆட்குறைப்புச் செய்தது. ஊதியத்தில் பத்து விழுக்காடு வெட்டப்பட்டது. 1928இல் சென்னை மாகாணத்தில் பிறந்த வகுப்புவாரி ஆணை, பன்னிரண்டு இடங்களுள் ஒன்றைத் தாழ்த்தப்பட்டோர்க்கு வழங்கிற்று. ஆயினும் அது அரசுப் பணிக்கே உரியது. தனியார் வங்கியின் வாயிலை அது தொடவில்லை.

சட்டம் திறந்த கதவு

அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபொழுது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் நமக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1944இல் பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கிற்று. 1946இல் ஒதுக்கீடு 12.5 விழுக்காடாயிற்று; 1970இல் பதினைந்து விழுக்காடாக உயர்ந்தது.

1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. வறட்சியும் தொழில் மந்தமும் சேர்ந்து படித்தவர்களைத் தெருவில் நிறுத்தின. இந்நிலையில் 1969 ஜூலை 19ஆம் நாள் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980இல் மேலும் ஆறு சேர்ந்தன. 1969இல் நாட்டிலிருந்த வங்கிக் கிளைகள் 8,262. 1991இல் அவை அறுபதாயிரத்தைக் கடந்தன. கிளைதோறும் எழுத்தர் வேண்டும், காசாளர் வேண்டும், அலுவலர் வேண்டும். பொதுத் தேர்வும் இட ஒதுக்கீடும் இணைந்து அறிமுகத்தின் இடத்தைப் பிடித்தன. தந்தை களத்தில் நெல் தூற்ற, மகன் வங்கியில் பணம் எண்ணிய காட்சியை நம் சேரிகள் முதன்முறையாகக் கண்டது அக்காலத்திலேயாம்.

மீண்டும் குறுகிய வாயில்

1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி நேர்ந்தது. நாட்டின் தங்கம் அடகு வைக்கப்பட்டது. அதன்பின் புதிய தனியார் வங்கிகள் எழுந்தன. அவற்றில் இட ஒதுக்கீடு இல்லை. 2000-01இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் சென்றனர். 2001இல் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் கலைக்கப்பட்டன. 2008இல் உலக நிதி நெருக்கடி வந்தது. 2011இல் ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வு தொடங்கிற்று. 2017 முதல் 2020 வரை நடந்த இணைப்புகளால் இருபத்தேழு பொதுத்துறை வங்கிகள் பன்னிரண்டாயின. 2020இல் பெருந்தொற்று வந்து பொருளாதாரத்தைச் சுருக்கிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விழுக்காடு மட்டும் நம்மைக் காப்பாற்றாது. நூறு இடம் நிரப்பப்பட்டால் நமக்குப் பதினைந்து உண்டு; ஓரிடமும் நிரப்பப்படாவிடில் பதினைந்து விழுக்காடும் சுழியமே. ஆகவே ஒதுக்கீட்டைக் காப்பது போன்றே, காலியிடங்கள் நிரப்பப்படுகின்றனவா, பின்னடைவுக் காலியிடங்கள் அறிவிக்கப்படுகின்றனவா என்று கேட்பதும் நம் கடமையாகும்.

இளைஞர்களே! மந்த ஆண்டில் பட்டம் பெற்றது உங்கள் குற்றமன்று. தேர்வுக்குப் படித்துக்கொண்டே, தணிக்கையாளர் அலுவலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, காப்பீட்டு முகமையோ, கிடைக்கும் சிறு பணியை இழிவென எண்ணாது ஏற்றுக்கொள்ளுங்கள். பேரேடு எழுதிப் பழகிய கை வீண் போகாது.

இனி, வங்கிகளிலும் கருவூலங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நுழைந்த நாளில் உங்களுக்குப் பரிந்துரைக்க ஒருவரும் இல்லை. இன்று நுழையக் காத்திருப்போர்க்கு நீங்கள் இருக்கின்றீர்கள். விண்ணப்பம் நிரப்புவது, நேர்முகத்தில் விடை சொல்வது, எந்த நிறுவனத்தில் எப்பொழுது ஆள் எடுக்கின்றனர் என்பது, இவையெல்லாம் மற்றைச் சமூகத்துப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே கற்பவை. நம் பிள்ளைகளுக்கு அத்திண்ணை இச்சங்கமே. வாரத்தில் ஒரு மாலை இங்கு வந்து அமருங்கள். ஒருவர் மூவர்க்கு வழிகாட்டினால், அடுத்த மந்தம் வரும்பொழுது, நமக்கு அறிமுகம் இல்லை என்று எவரும் சொல்ல நேராது.

பரோடாப் பூங்காவில் அண்ணல் தனித்து அமர்ந்திருந்தார். நம் பிள்ளை எவரும் அவ்வாறு தனித்து அமரலாகாது. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம் ஏற்க வேண்டிய உறுதி இதுவேயாகும்.